மாட்டிலிருந்து வெண்ணெய் வரை: எடிமான்லைன் அகராதியை எடைபோட ஒரு சொல்

ஆங்கிலச் சொல்லின் பிறப்பைத் தேடுபவர்கள் முதலில் திறப்பது எடிமான்லைனைத்தான் (Etymonline). டக்ளஸ் ஹார்ப்பர் தொகுத்த இந்த இலவச இணைய அகராதியை உரசிப் பார்க்க, 'மாட்டைப் போன்ற' என்று பொருள்படும் 'போவைன்' (bovine) நல்ல உரைகல்.

பதிவு சின்னதுதான். ஆண்டு 1817, பிரெஞ்சு வடிவம், பிற்கால லத்தீன் 'போவினுஸ்', மாட்டைக் குறிக்கும் அதன் அடிச்சொல் 'போஸ்'. இதோடு பக்கத்தை மூடிவிட்டால் பாதிச் சரக்கு கைவிட்டுப் போகும். பதிவுக்குள் இருக்கும் இந்தோ-ஐரோப்பிய (ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் வடமொழிக்கும் பொதுவான மூலமொழி) வேரைத் தொடுங்கள், தனிப்பக்கம் விரியும். போவைன், பீஃப் (மாட்டிறைச்சி), கவ் (பசு) மூன்றும் அங்கே ஒரே குடும்பம். கிரேக்கத்தில் 'மாட்டுப் பாலாடைக்கட்டி' என்று தொடங்கிய பட்டரும் அந்த வீட்டுப் பிள்ளைதான். வடமொழிச் சொல்லும் வரிசையில் உண்டு. கோசாலையில் நாம் சொல்லும் 'கோ' அதுவே.

குறை என்றால், உறவைக் காட்டும் பக்கம் ஒலி மாறிய காரணத்தைச் சொல்வதில்லை. ஆங்கிலம் சேர்ந்த ஜெர்மானியக் குடும்ப மொழிகளில் மூலத்தின் 'g' ஒலி 'k' ஆக இறுகியதால் 'கவ்' வந்தது. லத்தீனில் முறைப்படி 'வ' வந்திருக்க வேண்டும். பண்டைய இத்தாலியில் பக்கத்தில் வழங்கிய வேறொரு மொழியிலிருந்து கடன் வாங்கியதால்தான் 'போஸ்' என்கிறார்கள் மொழியியலாளர்கள். இதை வேறு நூலில்தான் தேட வேண்டும்.

புதியவர்கள் சறுக்கும் இடங்கள் மூன்று. 1817 என்பது சொல் பிறந்த ஆண்டு அல்ல, எழுத்தில் கிடைத்த பழைய சான்றின் ஆண்டு. வேருக்கு முன்னால் உள்ள நட்சத்திரக் குறி, அந்த வடிவம் எங்கும் எழுதப்பட்டதில்லை, ஒப்பிட்டு மீட்டுருவாக்கியது என்பதற்கு அடையாளம். அதை எழுத்துச் சான்றாகக் காட்டக் கூடாது. 'ஐன்' (-ine) விகுதிக்கு 1, 2 என்று எண்ணிட்ட இரண்டு பதிவுகள் உள்ளன. ஃபீலைன் (பூனை சார்ந்த), கேனைன் (நாய் சார்ந்த), லியோனைன் (சிங்கம் சார்ந்த) எல்லாம் முதலாவதில் சேரும். இரண்டாவது குளோரின் போன்ற வேதியியல் பெயர்களுக்கானது. எண்ணைப் பார்க்காமல் சொடுக்கினால் பூனை ஆய்வகத்துக்குள் போய்விடும்.

ஆய்வுக் கட்டுரைக்கு இது மட்டும் போதாது. மேற்கோள் வரிகளோடு சான்று வேண்டுமென்றால் சந்தா கட்டி ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குத்தான் போக வேண்டும். வேர்க் குடும்பத்தை ஒரே மூச்சில் பார்க்க எடிமான்லைனே வசதி. அடுத்து 'அசினைன்' (asinine) தேடிப் பாருங்கள்: லத்தீனில் கழுதை சார்ந்தது, இன்றைய ஆங்கிலத்தில் பெரும்பாலும் வெறும் மடத்தனம்.