டர்பனில் ஒரு பட்ஜெட் கேமிங் கம்ப்யூட்டர்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பட்ஜெட் கேமிங் கம்ப்யூட்டர் என்றாலே எல்லோரும் கிராஃபிக்ஸ் கார்டில் இருந்துதான் கணக்குப் போடுவார்கள். தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்கள் பவர் சப்ளையில், அதாவது பாகங்களுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியில் இருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

மகனுக்காக இதை அசெம்பிள் செய்தது 2023-ல். லோட் ஷெடிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது, உச்சத்தில் இருந்த வருடம் அது. ரைசன் 5 5600 புராசஸர், ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு, பி550 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. புராசஸர் 65 வாட்ஸ், கார்டு 132 வாட்ஸ். கேஸோடு சேர்ந்து வரும் மலிவு பவர் சப்ளையே தாராளம் என்றார் கடைக்காரர். கூட்டிப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். ஆனால் இங்கே கரண்ட் போகும்போது வரும் ஆபத்தைவிட, திரும்பி வரும்போது வருவதுதான் பெரிது. தெரு முழுக்க ஃபிரிட்ஜும் கீசரும் ஒரே நேரத்தில் உயிர்பெறும். வோல்டேஜ் தாறுமாறாக ஆடும். அதனால் 550 வாட்ஸ், 80 பிளஸ் பிரான்ஸ் (மின்சாரத்தை வீணாக்காததற்கான தரச்சான்று), நல்ல கம்பெனி, 5 வருட வாரண்டி என்று பார்த்து வாங்கினேன். சுவரில் வோல்டேஜ் திடீரென எகிறினால் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர், அதற்குப் பிறகு 1000 விஏ யுபிஎஸ்.

யுபிஎஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது விளையாட்டைத் தொடர்வதற்கு அல்ல, சேவ் செய்து ஒழுங்காக அணைப்பதற்கு. உள்ளே இருப்பது சின்ன லெட் ஆசிட் பேட்டரி. தினமும் அடிவரை உறிஞ்சினால் சீக்கிரமே செத்துவிடும். "அப்பா, இந்த ரவுண்ட் மட்டும்" என்று மகன் கெஞ்சுவான். விட்டதில்லை. அப்படியும் பேட்டரியை ஒரு முறை மாற்ற வேண்டி வந்தது. கம்ப்யூட்டருக்குள் எந்தப் பாகமும் இன்றுவரை போகவில்லை.

விலை குறைவு என்று ரைசன் 5 5500 புராசஸரைப் பலர் சொல்வார்கள். இந்தக் கார்டோடு அது சேராது. கார்டுக்கும் புராசஸருக்கும் நடுவே தகவல் ஓடும் பாதைகளுக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன் என்று பெயர்; ஆர்எக்ஸ் 6600 அதில் எட்டை மட்டுமே பயன்படுத்தும். 5500-ல் இருப்பது பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0, 5600-ல் 4.0, அதாவது 5500-ல் ஒவ்வொரு லேனின் வேகமும் பாதிதான். கார்டின் 8 ஜிபி மெமரி நிரம்பி வழியும் புது கேம்களில் அந்த வித்தியாசம் திக்கலாகத் தெரியும். புராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரியான எல்3 கேஷும் 5500-ல் 16 எம்பி, 5600-ல் 32 எம்பி என்று இரட்டிப்பு. கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் 5600-க்கே போங்கள்.

ரேமை இரண்டாகப் போடுங்கள், பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் 3200 வேக ரேமுக்குக் காசு கொடுத்துவிட்டு அதைவிடக் குறைந்த வேகத்தில்தான் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அப்புறம், டர்பன் வெயிலும் ஈரப்பதமும். இங்கே கோடையான டிசம்பரில் இருந்து பிப்ரவரி வரை முன்பக்க ஃபில்டரில் தூசி பசையாக அப்பிக்கொள்ளும். அதைக் கழற்றிக் கழுவி, நன்றாக உலரவைத்து மாட்டுவேன். புராசஸரோடு வந்த கூலர் வேலையைச் செய்தது, ஆனால் கோடையில் இரைச்சல் தாங்காமல் ஒரு டவர் கூலர் வாங்கிப் போட்டேன்.

1080பி ரெசல்யூஷனில் இன்னும் நிம்மதியாக விளையாட முடிகிறது. புது கேம்களில் டெக்ஸ்சரை மீடியத்துக்கு இறக்கி, ஒளியை நிஜம்போல் காட்டும் ரே டிரேஸிங்கை அணைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அடுத்து கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் மாற்ற உத்தேசம். 550 வாட்ஸுக்குள் அடங்கும் கார்டாகத்தான் தேடுகிறேன். பவர் சப்ளை இதேதான்.