நாஸில் குடும்ப மரம்: 2 ஆண்டு வைத்துப் பார்த்த பிறகு

எங்கள் குடும்ப மரத்தில் இப்போது 1,140 பேர் இருக்கிறார்கள். படங்கள், கடிதங்கள், பழைய பத்திரங்களின் ஸ்கேன் என்று 3,200 கோப்புகள் தனி. மாடியில் அக்கா ஒரு கணினியில் சேர்ப்பார், கீழே நான் இன்னொன்றில். பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்கி, எது புதியது எது பழையது என்று குழம்பிய பிறகுதான் 2 வட்டு போட்ட நாஸ் ஒன்றை, அதாவது வீட்டுக் கணினிகள் எல்லாம் நெட்வொர்க் வழியாகப் பகிரும் சேமிப்புப் பெட்டியை, ரவுட்டரில் இணைத்தோம். 2 ஆண்டு ஆகிவிட்டது. அதில் எதை வைக்கலாம், எதை வைக்கவே கூடாது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன், அடிபட்டது அதில்தான். அப்போது எங்களிடம் இருந்தது வேறொரு மென்பொருள். மொத்த மரமும் ஒரே டேட்டாபேஸ் கோப்பு. அதை நாஸில் போட்டு, வைஃபை வழியாகவே திறந்து வேலை செய்தேன். ஒரு மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஒரு மாலை பெரிய அத்தை தொலைபேசியில் சொல்லச் சொல்ல அவர் அம்மா வழி ஆட்களைப் பதிந்துகொண்டிருந்தேன். நடுவில் வைஃபை அறுந்தது. மறுபடி திறந்தால் கோப்பு பழுது. கடைசி பேக்கப் 9 நாள் பழையது. அத்தை முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் இரண்டாம் முறை சொன்னார். சொல்ல அவர் இருந்தார், அதனால் பிழைத்தேன்.

இது அந்த ஒரு மென்பொருளின் குறை அல்ல. பல குடும்ப மர மென்பொருள்களின் உள்ளே இருப்பது எஸ்கியூலைட் போன்ற டேட்டாபேஸ்தான். ஒருவர் எழுதும்போது இன்னொருவர் கை வைக்காதபடி அது கோப்பைப் பூட்டும். கணினியின் சொந்த வட்டில் அந்தப் பூட்டை நம்பலாம். நெட்வொர்க் வழியாகத் திறந்தால் பல நேரம் பூட்டு சரியாக விழுவதில்லை. எஸ்கியூலைட்டை உருவாக்கியவர்களே தங்கள் ஆவணங்களில் இதை எச்சரித்து எழுதியிருக்கிறார்கள். முன்பே படித்திருக்கலாம்.

சரி, இப்போது நாங்கள் பயன்படுத்தும் குடும்ப மர மென்பொருள் கிராம்ப்ஸ். இலவசம், ஓப்பன் சோர்ஸ். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வேலை நடக்கும் டேட்டாபேஸ் அவரவர் கணினியிலேயே இருக்கிறது. நாஸுக்குப் போவது பேக்கப்பும் படங்களும் மட்டும். செட்டிங்ஸில் பேக்கப் எங்கே விழ வேண்டும் என்று சொல்லலாம், மூடும்போது தானாக எடுக்கவும் சொல்லலாம். இரண்டையும் போட்டுவிட்டேன். எனக்கு மிகவும் பிடித்தது இந்த வசதிதான். அந்தப் பேக்கப் சுருக்கி வைத்த எக்ஸ்எம்எல், அதாவது வெறும் எழுத்துக் கோப்பு. நாளை கிராம்ப்ஸே இல்லாமல் போனாலும் விரித்துக் கண்ணால் படிக்கலாம்.

அக்காவும் நானும் முறை வைத்துக்கொள்கிறோம். ஒருவர் முடித்து மூடினால்தான் மற்றவர், நாஸில் விழுந்த புதிய பேக்கப்பை எடுத்து, புது வெற்று மரத்தில் இறக்கித் தொடங்குவார். வெற்று மரம் என்பது முக்கியம். ஏற்கெனவே ஆட்கள் உள்ள மரத்தில் இறக்கினால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரே நேரத்தில் பலர் எழுத வேண்டும் என்றால் வெப்ட்ரீஸ் அல்லது கிராம்ப்ஸ் வெப். அவற்றில் மென்பொருள் ஓடும் இயந்திரத்திலேயே டேட்டாபேஸும் இருக்கும், நமக்கு வருவது பிரவுசர் பக்கம் மட்டும். அதனால் பூட்டுத் தொல்லை இல்லை. ஆனால் நிறுவவும் பராமரிக்கவும் ஒருவர் உட்கார வேண்டும். இரண்டு பேருக்கு அது தேவைப்படவில்லை.

படங்களில் ஒரு சிக்கல். என் விண்டோஸில் நாஸ் ஒரு டிரைவ் எழுத்தாகத் தெரியும், அக்காவின் மேக்கில் பாதையே வேறு. முழுப் பாதையோடு சேர்த்த படங்கள் ஒரு கணினியில் தெரிந்து மறு கணினியில் காணாமல் போயின. படக் கோப்புறையை அடிப்படைப் பாதையாக இரு கணினியிலும் தனித்தனியே கொடுத்து, கிராம்ப்ஸின் மீடியா மேனேஜரில் எல்லாவற்றையும் சார்புப் பாதையாக, அதாவது அந்தக் கோப்புறையிலிருந்து தொடங்கும் பாதையாக, மாற்றினேன். அதன்பின் தொல்லை இல்லை. வட்டு தூங்கியிருந்தால் முதல் படம் வரச் சில விநாடி ஆகும், அவ்வளவுதான்.

பழைய மென்பொருளிலிருந்து கெட்காம் கோப்பாக (குடும்ப மர மென்பொருள்களுக்கிடையே தரவை மாற்றும் பொது வடிவம்) வெளியே எடுத்தபோது தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாக வந்தன. ஏற்றுமதியில், தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு சரியானது. 2021-இல் வந்த கெட்காம் 7.0 யூடிஎஃப்-8 தவிர வேறெதையும் ஏற்பதில்லை. தமிழில் பெயர் எழுதும் நமக்கு அது பெரிய நிம்மதி.

இரண்டு வட்டு இருக்கிறதே, இரண்டிலும் ஒரே தரவை எழுதும் ரெய்டு 1 பார்த்துக்கொள்ளும் என்று தயவுசெய்து இருந்துவிடாதீர்கள். ஒரு வட்டு செத்தால்தான் அது உதவும். போன ஆண்டு ஒரு கோப்புறையைத் தவறி அழித்தபோது இரண்டு வட்டிலும் ஒரே நொடியில் போயிற்று. மீட்டுக் கொடுத்தது ஸ்நாப்ஷாட்தான், அதாவது கோப்புகளின் முந்தைய நிலையை நாஸ் பதிந்து வைப்பது. எல்லா நாஸிலும் அந்த வசதி இருக்காது, வாங்கும்முன் பாருங்கள்.

அத்தை இரண்டாம் முறை சொன்னதை ஒலிப்பதிவு செய்து வைத்தேன், 47 நிமிடம். கிராம்ப்ஸில் அவர் பக்கத்தைத் திறந்து அழுத்தினால் நாஸிலிருந்து அவர் குரல் வரும். அதன் ஒரு பிரதி என் கணினியில் இருக்கிறது. இன்னொன்று யூஎஸ்பி வட்டில் தம்பி வீட்டில். மாதம் ஒருமுறை அவனே கொண்டுவந்து புதுப்பித்து எடுத்துப் போகிறான்.