விசைப்படகில் சிந்தாமல் ஆயில் மாற்றுவது: பல வழிகளில் மாற்றிப் பார்த்த அனுபவம்

லாரியில் ஆயில் மாற்றுவது வேறு, படகில் ஆயில் மாற்றுவது வேறு. எஞ்சின் கிட்டத்தட்ட ஒன்றுதான். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் ஓடும் இழுவைப் படகுகள் பலவற்றில் இருப்பது லாரியில் ஓடும் அதே ஆறு சிலிண்டர் லேலண்ட் குடும்பம்தான். மரைன் கியர்பாக்ஸும் கடல் தண்ணீரில் குளிரும் ஏற்பாடும் கூடுதலாக இருக்கும். லாரிக்கு அடியில் படுத்து போல்ட்டைக் கழற்றினால் ஆயில் நேராகச் சட்டிக்குள் விழும். படகில் எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்புக்குக் கீழே கை நுழையவே இடம் போதாது. அதற்கும் கீழே படகின் அடிக்கட்டையான ஏராக்கட்டை, அதை ஒட்டி எப்போதும் கொஞ்சம் தேங்கி நிற்கும் தண்ணீர். சட்டிக்கு வெளியே விழும் ஒவ்வொரு சொட்டும் அந்தத் தண்ணீரில் கலக்கும். அந்தத் தண்ணீரைக் கடலுக்குத்தான் இறைக்கிறோம்.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. சிந்தாமல் ஆயில் மாற்றுவதைப் பற்றிப் பேசினாலே பழைய துணி, சாக்கு, சோப்புத்தூள் என்று துடைக்கும் சாமானில்தான் பேச்சு போய் நிற்கிறது. பல வருடமாக மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: சம்பிலிருந்து கேன் வரைக்கும் ஆயில் வெளிக்காற்றைப் பார்க்காமல் போகும்படி வழி செய்துவிட்டால் துடைக்க வேண்டியதே பெரிதாக இருக்காது. அதற்கான செலவும் பயப்படும் அளவுக்கு இல்லை.

எங்கள் எஞ்சினுக்கு ஃபில்டரோடு சேர்த்து 15 லிட்டர் போல ஆயில் பிடிக்கும். 15டபிள்யூ-40 டீசல் ஆயில்தான். 250 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். வாரம் மூன்று நாள் கடலுக்குப் போக டோக்கன், காலையில் போய் மறுநாள் காலையில் கரை திரும்புவது என்று கணக்குப் போட்டால் சீசனில் நாலைந்து வாரத்திலேயே 250 மணி வந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை வரும் வேலையாக இருந்தால் எப்படியோ சமாளித்துவிட்டுப் போகலாம். அடிக்கடி வருகிற வேலை என்பதால்தான் முறை முக்கியமாகிறது.

முதலில் எல்லோரையும் போல ஆயிலை வடிக்க சம்பின் அடியில் இருக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றித்தான் மாற்றிக்கொண்டிருந்தேன். ஐந்து லிட்டர் கேனைப் படுக்கப்போட்டு ஒரு பக்கத்தை வெட்டியெடுத்தால் சம்புக்குக் கீழே நுழையும். ஆனால் 15 லிட்டரை அப்படி மூன்று நாலு தடவையாகப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சூடான ஆயில் வழியும் போல்ட்டை விரலால் பிடித்துத் திரும்ப முடுக்கி, நிரம்பிய கேனை அலுங்காமல் வெளியே இழுக்க வேண்டும். படகு மிதந்துகொண்டுதானே இருக்கிறது? பக்கத்துப் படகு வந்து உரசினாலே கேன் தளும்பிவிடும். படகைக் கரையேற்றி வைத்திருக்கும்போது மட்டும் இந்த முறை ஓரளவு சரி.

அடுத்தது, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக் நுழையும் ஓட்டை வழியாக உறிஞ்சும் கை பம்ப். ஒரு பிளாஸ்டிக் தொட்டி, மேலே அடிக்கும் கைப்பிடி, உள்ளே விட ஒரு மெல்லிய குழாய். கைப்பிடியைப் பத்துப் பதினைந்து தடவை இழுத்து அடித்தால் தொட்டிக்குள் காற்று குறைந்து ஆயில் தானாக ஏறி வரும். சின்ன எஞ்சினுக்கு இது அருமையான சாமான். ஃபைபர் வள்ளத்தில் ஒற்றை சிலிண்டர், இரட்டை சிலிண்டர் டீசல் வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். கியர்பாக்ஸ் ஆயிலை நான் இன்றைக்கும் இதில்தான் எடுக்கிறேன்.

பெரிய எஞ்சினில் இதற்கு இரண்டு குறை. ஒன்று, நேரம். டிப் ஸ்டிக் குழலுக்குள் நுழைகிற குழாய் மெல்லியதாகத்தான் இருக்க முடியும். குழாயின் உள் விட்டம் பாதியாகக் குறைந்தால் அதில் ஓடும் ஆயில் பாதியாகக் குறையாது, பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆயில் ஆறியிருந்தால் அவ்வளவுதான், குழாயில் நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியாது. அதற்காகக் கரைக்கு வந்தவுடன் கொதிக்கக் கொதிக்க இழுத்தால் பிளாஸ்டிக் குழாய் இளகி, உள்ளிழுக்கும் வேகத்தில் சப்பிப்போய் அடைத்துக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தி அரை மணி, முக்கால் மணி கழித்து, சம்பின் மேல் கை வைத்தால் சுடும், ஆனால் எடுக்கத் தோன்றாது என்ற பதத்தில் இழுப்பதுதான் சரி.

இரண்டாவது குறை பெரியது. படகில் எஞ்சின் சமமாக உட்காருவதில்லை. ஷாஃப்ட் பின்பக்கம் சரிந்து போவதால் எஞ்சினும் கியர்பாக்ஸ் பக்கம் தாழ்ந்து நிற்கும். சம்பில் இருக்கும் ஆயிலும் அந்தப் பக்கம்தான் சேரும். டிப் ஸ்டிக் குழல் முன்பக்கம் இருந்தால் குழாய் நுனி காற்றை உறிஞ்ச ஆரம்பித்த பிறகும் பின்னால் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் தங்கிவிடும். அடியில் தங்குவதுதான் உள்ளதிலேயே மோசமான ஆயில், கரியெல்லாம் அதில்தான். அதோடு புது ஆயிலைக் கலப்பதில் எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்த முறையில் எடுப்பவர்கள், எடுத்த ஆயிலை அளந்து பாருங்கள். ஊற்றிய அளவுக்கும் எடுத்த அளவுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்தால் உங்கள் எஞ்சினுக்கு இது ஒத்துவருமா என்பது விளங்கிவிடும்.

மலிவாகக் கிடைக்கும் 12 வோல்ட் மோட்டார் பம்ப் ஒன்றையும் இடையில் வாங்கினேன். ஆயிலுக்கும் டீசலுக்கும் என்று விற்றார்கள். டீசலுக்குச் சரி. கெட்டியான ஆயிலை இழுக்கும்போது மோட்டார் சுட்டு, ஷாஃப்ட் சீல் வழியாகக் கசிய ஆரம்பித்தது. சிந்தாமல் இருக்கத்தான் பம்ப் வாங்குகிறோம். பம்பே சிந்தினால் என்ன செய்வது? பல்சக்கரம் வைத்த நல்ல கியர் பம்ப் என்றால் தாங்கும், விலை அதிகம்.

இப்போது நான் வைத்திருக்கும் ஏற்பாடு இதுதான். ட்ரெயின் போல்ட் இருந்த இடத்தில் ஒரு பித்தளை நிப்பிள். அதில் ஹைட்ராலிக் ஹோஸ். ஹோஸ் எஞ்சின் பெட் ஓரமாக வந்து, நின்றபடியே கை எட்டுகிற உயரத்தில் ஒரு பால் வால்வில் முடியும். அதன் பக்கத்திலேயே பலகையில் திருகி வைத்த பித்தளைக் கை பம்ப். பம்பிலிருந்து இன்னொரு குழாய் நேராக 20 லிட்டர் கேனுக்குள். கை பம்பில் இழுத்தால் முழு ஆயிலும் கால் மணி நேரத்துக்குள் கேனுக்கு வந்துவிடுகிறது. போல்ட் சம்பின் தாழ்ந்த பக்கத்தில் இருப்பதால் அடி ஆயிலும் மிச்சமில்லாமல் வருகிறது.

ஹோஸ் விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். மதுரையில் லாரிக்கும் ஜேசிபிக்கும் ஹோஸ் அடித்துத் தரும் கடைகளில் நீளம் சொன்னால் இரண்டு முனையிலும் ஃபிட்டிங் அழுத்திக் கையில் கொடுத்துவிடுவார்கள். தோட்டத்துக் குழாயைச் செருகிக் கிளிப் போட்டு விடுவது ஆபத்து. சூட்டில் இளகும், எஞ்சின் அதிர்வில் உருவும். நடுக்கடலில் அது கழன்றால் சிந்துவது மட்டுமா, சம்பு காலியாகி எஞ்சினே போய்விடும். அதனால்தான் வால்வை மூடினால் மட்டும் போதாது, அதன் வாயில் ஒரு திருகு மூடியும் வேண்டும். வால்வின் கைப்பிடியைக் கழற்றித் தனியே மாட்டி வைத்திருக்கிறேன், யாராவது காலால் தட்டித் திறந்துவிடக் கூடாது. ஒவ்வொரு முறை கடலுக்குப் போகும் முன்பும் மூடியையும் ஹோஸ் முனைகளையும் கையால் தொட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பொருத்திய நாளிலிருந்து இதுவரை கசிவு கிடையாது. வால்வின் கைப்பிடி திருகு மட்டும் உப்புக்காற்றில் துருப்பிடித்து, எவர்சில்வர் திருகு மாற்றினேன்.

சரி, ஆயில் சுத்தமாக வந்துவிட்டது. அப்புறம் சிந்துகிற இடம் ஃபில்டர். சம்பில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இங்கேதான் அரை லிட்டர், முக்கால் லிட்டர் கொட்டும். எங்கள் பகுதி மெக்கானிக் ஒருவர் எஞ்சினோடு வளர்ந்த பெரியவர். அவர் சொல்லிக்கொடுத்ததைத்தான் இன்றுவரை செய்கிறேன். "தம்பி, கழட்டுறதுக்கு முன்னாடி மேல் பக்கமா ஒரு ஓட்டை போட்டு விடு. காத்து புகுந்தா ஆயில் தன்னால உள்ள இறங்கிடும். அவசரப்படாத, ஒரு டீ குடிச்சிட்டு வா" என்றார். பழைய ஃபில்டரில், மேல் விளிம்புக்குப் பக்கத்தில், ஆணியால் ஒரு ஓட்டை. கொஞ்ச நேரம் விட்டால் உள்ளே இருப்பதில் ஒரு பகுதி எஞ்சினுக்குள் திரும்பி இறங்கிவிடும். அதையும் சம்பு பம்பிலேயே இழுத்துக்கொள்ளலாம். எவ்வளவு இறங்கும் என்பது ஃபில்டர் நிற்கும் வாட்டத்தைப் பொறுத்தது. படுக்கைவாட்டில் இருந்தால் பாதி போல இறங்கும், வாய் மேலே பார்க்கத் தொங்கினால் கொஞ்சம்தான், மிச்சம் ஃபில்டரோடுதான் வரும்.

அதன் பிறகு தடித்த பாலித்தீன் பை ஒன்றைக் கீழிருந்து ஃபில்டர் முழுக்க ஏற்றி, பையோடு சேர்த்துத் திருக வேண்டும். கடைசிப் புரி விடும்போது ஃபில்டர் பைக்குள்ளேயே விழும், வழிவதும் பைக்குள்ளேயே போகும். விழுந்த கையோடு ஒன்று பாருங்கள்: பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் அதோடு வந்திருக்கிறதா? சில சமயம் எஞ்சின் பக்கமே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதன் மேல் புது ஃபில்டரைப் போட்டால் இரண்டு வளையமும் வழுக்கி, எஞ்சினை ஓட்டிய சில நிமிடத்தில் ஆயில் பீய்ச்சி அடிக்கும். புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையால் திருகி, வளையம் தொட்டபின் முக்கால் சுற்று. ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அடுத்த தடவை கழற்றும்போது ஃபில்டர் நசுங்கிக் கிழிந்து கொட்டும்.

வேலை தொடங்கும் முன் அடித்தண்ணீர் இறைக்கும் பம்பின் சுவிட்சை நிறுத்திவிடுங்கள், தானாக ஓடும் பம்ப் வைத்திருப்பவர்கள் கட்டாயம். அடியில் ஆயில் பட்டிருந்தால், தண்ணீரை விட்டு ஆயிலை மட்டும் உறிஞ்சும் வெள்ளைத் துணி விரிப்புகள் கிடைக்கின்றன. பாலிப்ரொப்பிலீனால் செய்தவை, தண்ணீர் மேலேயே மிதக்கும். ஒன்றிரண்டைப் போட்டு விட்டால் மறுநாள் கறுத்துக் கிடக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும். பனியன் வேஸ்ட் தண்ணீரையும் சேர்த்துக் குடித்துவிடுவதால் அந்த வேலைக்கு ஆகாது. சோப்புத்தூள் கரைத்து ஊற்றும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஆயில் காணாமல் போவதில்லை. சின்னச் சின்னத் துளியாக உடைந்து தண்ணீரோடு கலந்து, விரிப்பாலும் எடுக்க முடியாதபடி ஆகிறது. மேலே படலம் தெரியாது, கடலுக்குள் போவது அதே ஆயில்தான். நம் கரையோரத்தில் தாழைப் புல், அதாவது கடலடியில் வளரும் புல், நிற்கிற இடமெல்லாம் அலை அதிகம் இல்லாத ஆழம் குறைந்த தண்ணீர். நண்டும் இறாலும் குஞ்சாக வளர்வது அங்கேதான்.

எடுத்த ஆயிலை அப்படியே கட்டி வைக்காமல் ஒருமுறை பார்ப்பது நல்லது. கறுப்பாக இருப்பதில் ஒன்றுமில்லை, டீசல் எஞ்சினில் புது ஆயிலே ஒரு நாளில் கறுத்துவிடும். பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் கூலரையோ ஹெட் கேஸ்கெட்டையோ உடனே பார்க்க வேண்டும், அடுத்த நடைக்குப் போகக் கூடாது. டிப் ஸ்டிக்கில் அளவு தானாக ஏறியிருந்து டீசல் வாடை அடித்தால் டீசல் இறங்குகிறது. பம்பில் எடுக்கும்போது எல்லாம் ஒரே கேனில் சேர்வதால் இதைக் கவனிப்பது சுலபம். சட்டியில் பிடித்த காலத்தில் அடித்தண்ணீர் தெறித்ததா எஞ்சினுக்குள்ளேயே தண்ணீரா என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

எங்கள் பக்கம் படகு கரையை ஒட்டி நிற்காது. தள்ளி நங்கூரம் போட்டு, வத்தை என்கிற சின்னத் தோணியில்தான் போக வேண்டும், வர வேண்டும். பழைய ஆயில் கேனும் வத்தையில்தான் கரைக்கு வர வேண்டும். அதனால் வாய் அகலமான வாளி, மூடி தொலைந்த கேன் எதற்கும் இடமில்லை. ரப்பர் வாஷர் போட்ட திருகு மூடி உள்ள கேன், முக்கால் அளவு மட்டும் நிரப்பியது. பழைய ஃபில்டரும் பையோடு ஒரு மூடி டின்னுக்குள். கரையில் 200 லிட்டர் பேரலில் சேர்த்து வைத்து, மறுசுத்திகரிப்புக்கு எடுக்க அனுமதி பெற்றவர்களுக்குக் கொடுக்கிறோம். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி பழைய ஆயில் அவர்களுக்குத்தான் போக வேண்டும். அதில் தண்ணீர், கூலன்ட், தின்னர் எதையும் கலக்காதீர்கள், கலந்ததை எடுக்க மாட்டார்கள். சென்ட்ரிங் பலகைக்குத் தடவ என்று கேட்டு வருபவர்களும் உண்டு. அந்த ஆயில் மழையில் கழுவி மண்ணுக்குத்தான் போகும் என்பதால் நான் கொடுப்பதில்லை.

மீன்பிடித் தடைக்காலம் பற்றியும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகு ஓடாது. பெரும்பாலோர் ஜூன் மாதம் படகை இறக்கும் முன் ஆயில் மாற்றுகிறார்கள். என் கருத்து, ஏப்ரலில் படகை நிறுத்தும்போதே மாற்றிவிட வேண்டும். ஓடிய ஆயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும். அது இரண்டு மாதம் பேரிங்கோடு ஒட்டிக் கிடப்பது எஞ்சினுக்கு நல்லதில்லை. புது ஆயில் ஊற்றி, பத்து நிமிடம் ஓட்டி, எல்லா இடத்துக்கும் அது போன பிறகு நிறுத்தினால் ஜூனில் அளவை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். இப்படிச் செய்ய ஆரம்பித்ததிலிருந்து தடைக்காலம் முடிந்து முதல் ஸ்டார்ட்டில் வரும் சத்தமே வித்தியாசமாக இருக்கிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு: ஆறு சிலிண்டர் என்றால் ஹோஸ், பால் வால்வு, பித்தளைக் கை பம்ப். சின்ன எஞ்சின் என்றால் தொட்டி வைத்த உறிஞ்சும் பம்ப் போதும். புது எஞ்சின் வாங்குகிறவர்கள் சம்பு பம்ப் கூடவே வருகிறதா என்று டீலரிடம் முதலிலேயே கேளுங்கள். சில மரைன் எஞ்சின்களில் கம்பெனியிலிருந்தே பொருத்தி வருகிறது. ஹோஸ் மாட்டும் வேலையைத் தடைக்காலத்தில், எஞ்சினைத் தூக்கி வைத்திருக்கும்போது செய்துகொள்வதுதான் வசதி. நிப்பிளுக்குச் செம்பு வாஷர் இரண்டு கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள், ஒருமுறை நசுங்கியதைத் திரும்பப் போட்டால் கசியும்.