குன்னூர் நர்சரி அகபாந்தஸ்: செடியை நம்பலாம், கல்லாவை அல்ல

நீண்ட தண்டின் நுனியில் நீலமாகவோ வெள்ளையாகவோ கொத்தாகப் பூக்கும் அகபாந்தஸ், நீலகிரியில் அரிய செடியல்ல. பழைய பங்களாக்களின் வேலியோரம் கேட்பாரற்றுப் பூத்துக் கிடக்கும். தென் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்றால் பக்கத்து வீட்டு அக்கா நம்ப மறுக்கிறார். எங்கள் வீட்டில் இருப்பதோ சிமெண்ட் முற்றம், தொட்டிதான் வழி. குன்னூர் நர்சரி ஒன்றில் நீலம் இரண்டும் வெள்ளை ஒன்றும் வாங்கினேன், செடி 250 ரூபாய்.

செடியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விதையில் முளைத்த கன்று பூக்க இரண்டு மூன்று ஆண்டுகளாவது ஆகும்; நிறமும் அதன் இஷ்டம். இவர்கள் கொடுப்பது தூர் பிரித்த செடி, அதாவது வளர்ந்த செடியின் அடியை வேரோடு பிரித்து நட்டது. பையைக் கிழித்தால் பென்சில் கனத்தில் வெள்ளை வேர்கள், அழுகல் துளியும் இல்லை. அடுத்த பருவத்திலேயே மூன்றும் பூந்தண்டு நீட்டின. வெள்ளை என்று கொடுத்தது வெள்ளையாகவே பூத்தது.

கல்லாவில்தான் சிக்கல். "பெரிய தொட்டியாக எடுங்கள் மேடம்" என்று 18 அங்குலப் பிளாஸ்டிக் தொட்டியைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். அவ்வளவு இடம் கொடுத்தால் வேரும் இலையும் பெருகும், பூ தள்ளிப்போகும். தூரைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி போதும். நான் எடுத்தது பத்து அங்குல மண்தொட்டி. அவர்களுடைய மண்கலவையும் வேண்டாம். முக்கால்வாசி தேங்காய் நார்க்கழிவு, ஐப்பசி மழையில் நீரைப் பிடித்துவைத்து வேரை அழுக வைக்கும். செம்மண், மட்கிய சாண எரு, கொஞ்சம் மணல் கலந்து, தொட்டியை வெயில் விழும் இடத்தில் வைத்தேன்.

பின்பக்கம் தூர் பிரிக்கும் பெரியவரைத் தேடிப் பிடியுங்கள். "பூ முடிந்ததும் கைவிட்டுவிடாதீர்கள் அம்மா, அடுத்த வருடப் பூ அதற்குப் பிறகுதான் உள்ளே உருவாகும்" என்றார் அவர். வாடிய தண்டை வெட்டிய பிறகும் தண்ணீரும், பதினைந்து நாளுக்கொரு முறை பொட்டாஷ் கரைசலும் தரச் சொன்னார். யூரியா கூடவே கூடாதாம், இலைதான் தழைக்கும். நான்கைந்து வருடத்தில் வேர் தொட்டியை நெருக்கும்போது மறுபடி தூர் பிரிக்க வேண்டும். காசு வாங்காமல் சொன்ன இந்த யோசனைதான் அந்தக் கடையின் சிறந்த சரக்கு.

சுற்றுலா வருபவர்களிடம் "எங்கே வைத்தாலும் வரும்" என்று விற்பதை மட்டும் மன்னிக்க முடியவில்லை. வரும், பூக்க வேண்டாமா? கோவையில் என் நாத்தனார் வைத்திருப்பது இன்றுவரை வெறும் இலை.

பெரியவர் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள்.