18 மாதங்களாகக் குழந்தையோடு நடன வகுப்பு: எங்கள் அனுபவம்

பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து ஆடும் வகுப்பில் நாங்கள் சேர்ந்தபோது மகளுக்கு 16 மாதம். இப்போது 3 வயது ஆக இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. வாரம் ஒரு நாள், 40 நிமிடம். சளி, காய்ச்சல் என்று விட்டுப்போன வாரங்கள் உண்டு. நடுவில் வகுப்பையும் ஒரு முறை மாற்றினோம்.

முதல் ஒன்பது வாரம் அவள் என் மடியை விட்டு இறங்கவே இல்லை. மற்ற பிள்ளைகள் அறை முழுக்க ஓட, இவள் என் துப்பட்டாவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருப்பாள். இறக்கிவிட்டால் அழுகை. ஏழாவது வாரம் நிறுத்திவிடலாம் என்றே முடிவு செய்தேன். அன்று இரவு துணி மடித்துக்கொண்டிருந்தபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு கையையும் தூக்கினாள், ஆட்டினாள், குந்தினாள், தரையைத் தட்டினாள். வகுப்பின் தொடக்கப் பாட்டுக்கான அசைவுகள், அதே வரிசையில்! பாட்டுகூட ஓடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மடியில் உட்கார்ந்து அவள் சும்மா இருந்ததாக நான்தான் நினைத்திருக்கிறேன். அதனால் சேரப் போகிறவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான்: இரண்டு மாதமாவது கொடுங்கள். அதுவரை குழந்தை ஆடுகிறதா என்று பார்க்காமல், நீங்கள் ஆடுங்கள்.

அந்த முதல் வகுப்பை ஆறு மாதத்தில் விட்டோம். மேடை நிகழ்ச்சிக்கான ஒத்திகை தொடங்கியதும் எல்லாம் மாறிப்போனது. இருபது குழந்தைகள், ஒரே பாட்டு, வரிசையில் நிற்கவைக்கும் போராட்டம், காதைப் பிளக்கும் ஸ்பீக்கர். வாசலிலேயே அழ ஆரம்பித்தாள். இரண்டு வயதுகூட ஆகாத பிள்ளைக்கு மேடை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது போகும் இடத்தில் எட்டுக் குழந்தைகள்தான். தரை வழுக்காது, எல்லோரும் வெறுங்காலில். சாக்ஸ் போட்டால் சறுக்கும். முதல் நாளே டீச்சர் சொன்னது: "ஒரு கையைப் பிடிச்சுத் தூக்காதீங்க, சுத்தாதீங்க. அக்குளுக்குக் கீழே பிடிங்க." இந்த வயதில் கையை வெடுக்கென்று இழுத்தால் முழங்கை எலும்பு எளிதாக விலகிவிடும். இதை முதலிலேயே சொல்லித்தரும் இடத்தை நம்பலாம்.

வகுப்பில் நான் மிகவும் மதிப்பது ‘சிலை’ விளையாட்டை. பாட்டு ஓடும்வரை ஆட வேண்டும், நின்றதும் அப்படியே உறைய வேண்டும். பார்க்க எளிது. ஆனால் ஓடுகிற உடம்பை நிறுத்துவது ஓடுவதைவிடக் கடினம். ஒன்றரை வயதில் அவளுக்குப் பாட்டு நின்றதே தெரியாது. இரண்டு வயதில் நான் நிற்பதைப் பார்த்து, மூன்று நான்கு அடி தள்ளி நின்றாள். இரண்டே கால் வயதில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, உதட்டை இறுக்கி, நின்ற இடத்திலேயே நடுங்கியபடி நின்றாள். ஒரு கால் தூக்கியிருந்தால் விழுந்துவிடுவாள். எழுந்து மறுபடி நிற்பாள். இப்போது தெருவில் "நில்லு" என்றால் நிற்கிறாள். வயதும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் இந்த விளையாட்டுக்கும் பங்கு இருக்கிறது என்று நம்புகிறேன்.

தாளத்தோடு ஒட்டவில்லையே என்று வருந்தாதீர்கள். 5 முதல் 24 மாதக் குழந்தைகளை வைத்து நடந்து, 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பேச்சைவிட இசைக்கே அவர்கள் அதிகம் அசைந்தார்கள்; ஆனாலும் தாளத்தோடு அச்சாகப் பொருந்தவில்லை. 2009இல் வந்த இன்னொன்று எனக்கு மிகவும் உதவியது. இரண்டரை வயதுப் பிள்ளைகள்கூட, இயந்திரத்தோடு தட்டுவதைவிட எதிரே ஒரு மனிதர் தட்டும்போது தாளத்தோடு நன்றாக ஒட்டினார்கள். வீட்டில் நான் கண்டதும் அதுதான். போனில் நடன வீடியோ போட்டால் வாய் திறந்து பார்ப்பாள், கால் அசையாது. நான் எழுந்து ஆடினால் உடனே வந்துவிடுவாள். அன்றிலிருந்து வகுப்பில் போனை வெளியே எடுப்பதில்லை. எங்களிடம் வீடியோ மிகக் குறைவு, அதில் வருத்தமில்லை.

நேரமும் முக்கியம். மதியத் தூக்கத்தை ஒட்டிய வகுப்புக்குப் போன இரண்டு மாதமும் வீண். காலைக்கு மாற்றியதும் வேறு குழந்தையாகிவிட்டாள்.

கூச்சம் இதனால் போகவில்லை. புதியவர்களைக் கண்டால் இன்னும் என் பின்னால்தான். ஒரு நாளைக்கு 180 நிமிடமாவது இந்த வயதுப் பிள்ளைகள் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் வாரம் 40 நிமிடம் எந்த மூலைக்கு? வகுப்பில் கற்ற நான்கு விளையாட்டை வீட்டில் தினமும் ஆடுவதால்தான் கட்டணம் தகும் என்கிறேன். என் முதுகுக்கும் முழங்காலுக்கும் இது சரியான வேலை. வலி உள்ளவர்கள் கணவரோடு முறை போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அப்படித்தான். அப்பாவோடு போனால் குதிப்பது அதிகம். இரண்டு காலையும் சேர்த்துக் குதித்ததை முதலில் பார்த்தவரும் அவர்தான்.

3 வயதுக்கு மேல் பெற்றோர் வெளியே காத்திருக்கும் வகுப்பு. இப்போதே மாற்றலாமா என்று கேட்டார்கள். மீதமுள்ள இரண்டு மாதமும் கூடவே ஆடுகிறோம் என்று சொல்லிவிட்டேன். நேற்றுகூட நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து சத்தம்: "அம்மா, சிலை!" கையில் நுரையோடு நின்றேன். அவள் மெதுவாகச் சுற்றி வந்து, என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, நான் கண் சிமிட்டுகிறேனா என்று காத்திருந்தாள்.