தமிழ் எழுத்தில் குமாரன் ஆசான்: இரண்டு இலவசத் தளங்கள், ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரில் மலையாளிக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் பள்ளியில் தமிழைத்தான் தாய்மொழிப் பாடமாக எடுத்தவர்கள். தமிழ் தவிரப் பள்ளிகள் ஏற்கும் இந்திய மொழிகள் வங்காளம், குஜராத்தி, இந்தி, பஞ்சாபி, உருது ஆகிய 5 மட்டுமே. அதனால் வீட்டில் மலையாளம் சரளமாக வரும், படிக்க வராது. தமிழ் எழுத்தோ தண்ணீர்பட்ட பாடு. இவர்களுக்கும், காதால் கேட்டால் மலையாளம் பிடிபடுகிற தமிழர்களுக்கும் மலையாள விக்கிகிரந்தசாலையும் அக்ஷரமுகாவும் நல்ல ஜோடி.

முன்னது இலவச இணைய நூலகம்; மலையாளக் கவிஞர் குமாரன் ஆசானின் காவியங்கள் அதில் கிடைக்கின்றன. பின்னது எழுத்து மாற்றி: மூலம் மலையாளம், இலக்கு தமிழ் என்று தேர்ந்தெடுத்து, பாட்டை நகலெடுத்து ஒட்ட வேண்டியதுதான். முழுக் காவியத்தையும் ஒரேயடியாகக் கொட்டாமல் பத்துப் பதினைந்து செய்யுள்களாக ஒட்டினால் சரிபார்க்கச் சுலபம்.

வெளிவருவதை அப்படியே வாசித்தால் இடறும். வர்க்க எழுத்துகளை, அதாவது தமிழில் ஒரே ‘ப’வாக எழுதுவதற்கு மலையாளத்தில் உள்ள நான்கு எழுத்துகள் போன்றவற்றை, தமிழில் காட்ட மேலே சிறு எண்கள் வரும். கண்ணை உறுத்துகிறதென்று பலர் விருப்பங்களுக்குப் போய் அவற்றை நீக்கிவிடுகிறார்கள். வேண்டாம். ‘பாவம்’, ‘பா⁴வம்’ இரண்டும் மலையாளத்தில் வேறு வேறு. எண் போனால் ஐயோ பாவமும் முகபாவமும் ஒன்றாகிவிடும்.

அடுத்தது சொல்லிறுதி. ‘அத்’, ‘காற்ற்’ என்று புள்ளியோடு நின்றால் பிழையில்லை. அது நம் குற்றியலுகரம்; ‘அது’, ‘காற்று’ என்று உகரத்தைக் குறுக்கி வாசிக்கவும். ந, ன இரண்டுக்கும் மலையாளத்தில் ஒரே எழுத்து என்பதால் அந்த இடங்களில் இயந்திரத்தை நம்பக்கூடாது, காதை நம்புங்கள். பழைய தட்டச்சில் சில்லெழுத்துகள் எனும் தனிமெய் வடிவங்கள் (ன், ர், ல், ள், ண்) கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறியோடு இருக்கும். யூனிகோடில் அவற்றுக்குத் தனிக் குறியீடு 2008இல்தான் வந்தது. சொல் நடுவில் விசித்திரமாக உடைந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

எதில் தொடங்குவது? எல்லாரும் ‘வீணபூவு’ என்பார்கள். 1907இல் வந்தது, 41 செய்யுள்தான், உதிர்ந்த ஒரு பூவையே பாட்டுடைத் தலைவியாக்கி மலையாளக் கவிதையைத் திருப்பிவிட்டது. ஆனால் வசந்ததிலகம் என்ற வடமொழி விருத்தம், சொற்களும் வடமொழிச் செறிவு. முதல் வாசிப்புக்கு 1923இல் வந்த ‘கருணா’வே மேல். கணிகை வாசவதத்தையும் புத்த பிக்கு உபகுப்தனும் கதை. வஞ்சிப்பாட்டு மெட்டு, அதாவது படகுப்பாட்டு. ‘அனுபமகிருபாநிதி’ என்று முதலடி எடுக்க, அடுத்த அடி ‘ஜினதேவன்’ என்கிறது. இரண்டாம் எழுத்து ஒத்துவருகிறதல்லவா, நம்ம எதுகை! திரையில் ஓரடியில் ந, மற்றதில் ன என்று விழுந்திருந்தால் இந்த அழகு கண்ணில் படாமலே போகும். இந்த எதுகை கட்டாயமா என்று கேரளவர்மா வலிய கோயித்தம்புரானும் மருமான் ஏ.ஆர். ராஜராஜவர்மாவும் மோதியது மலையாள இலக்கியத்தின் பெரிய சண்டைகளில் ஒன்று. அந்த ராஜராஜவர்மா மறைந்தபோது ‘பிரரோதனம்’ என்று இரங்கற்பா பாடியவரும் ஆசான்தான்.

‘கருணா’ முடிந்ததும் ‘சண்டாலபிக்ஷுகி’க்குப் போகலாம். புத்த பிக்கு தண்ணீர் கேட்க, தீண்டத்தகாதவளென ஒதுக்கப்பட்ட பெண் தயங்கும் கட்டத்துக்கு அகராதியே தேவைப்படாது. மற்ற இடங்களுக்கு ‘ஓளம்’ அகராதித் தளம் உதவும். அதில் தமிழ் எழுத்துக்கு மாற்றிய வடிவத்தை ஒட்டாதீர்கள், மூல மலையாளச் சொல்லை ஒட்டுங்கள்.

ஆசானோடு சேர்த்துக் கவித்ரயம் எனப்படும் மற்ற இருவரில் வள்ளத்தோள் 1958இல் காலமானவர். இந்தியச் சட்டப்படி 2019இல்தான் அவர் எழுத்துகளின் பதிப்புரிமை தீர்ந்தது. அதனால் விக்கிகிரந்தசாலையில் அவர் படைப்புகளை ஆசான் அளவுக்கு எதிர்பார்த்துப் போகாதீர்கள். மூன்றாமவரான உள்ளூர் பரமேசுவர ஐயரின் ‘உமாகேரளம்’ மகாகாவியத்தை எழுத்து மாற்றி வழியே தொடவே வேண்டாம். நீண்ட சமஸ்கிருதத் தொடர்களில் எண்கள் குவிந்து, எங்கே சொல் பிரிகிறது என்றே தெரியாது. அதற்கு உரையோடு கூடிய அச்சுப் புத்தகமும் மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவரும் பக்கத்தில் வேண்டும்.