மகளுக்கு வாங்கிய கார், மூன்று வருடம் கழித்து: அந்த பில்லரைப் பற்றி

போன வாரம் ஒரு நண்பர் போன் செய்தார். அவருடைய பையன் லைசென்ஸ் எடுத்துவிட்டான், கார் வேண்டும், கையில் பெரிய தொகை இல்லை, ஆனால் பாதுகாப்பாக இருக்க வேண்டும். "உன் பொண்ணுக்கு வாங்கினியே, அதே மாடல் ஒண்ணு விலைக்கு வந்திருக்கு, எடுக்கலாமா?" என்று கேட்டார். எடுக்க வேண்டாம் என்றேன். சரி, அப்படியானால் உன்னுடையதை எனக்குக் கொடுத்துவிடு என்றார். அதை விற்க மாட்டேன் என்றேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. இரண்டு பதிலுக்கும் காரணம் இருக்கிறது, போனில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று சொல்லப் போவதில்லை. நான் குறை சொல்லப்போகும் விஷயம் அந்த ஒரு மாடலோடு நிற்பதும் இல்லை. நாங்கள் வாங்கும்போது ஆறு வருடம் ஓடியிருந்த நடுத்தர அளவு செடான். இன்ஜினில் பெரிய வேகம் கிடையாது, அதற்காகவேதான் எடுத்தேன். இந்த மூன்று வருடத்தில் 34,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மைலேஜ், டிக்கி, ஏசி எல்லாம் எங்கே வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது இரண்டு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன், இரண்டும் சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஒன்று, சின்னக் கார் வேண்டாம். பிள்ளைகள் பழகத்தானே, இடிக்கத்தான் போகிறார்கள் என்று வீட்டிலேயே பழையதும் சிறியதுமான வண்டியை அவர்களிடம் கொடுத்துவிடுகிறோம், அனுபவமுள்ள நாம் புதியதை வைத்துக்கொள்கிறோம். யோசித்துப் பார்த்தால் தலைகீழ். எடை குறைந்த வண்டியும் எடை கூடிய வண்டியும் மோதினால் எடை குறைந்ததுதான் அதிகமாகத் தூக்கி எறியப்படும், உள்ளே இருப்பவருக்குத்தான் அடி அதிகம்.

இரண்டாவது இஎஸ்சி, அதாவது வண்டி வழுக்கும்போது எந்தச் சக்கரத்துக்குத் தேவையோ அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் தானாக பிரேக் போட்டு நேர்ப்படுத்தும் அமைப்பு. 1995-ல் மெர்சிடிஸ் காரில் பாஷ் கம்பெனியின் தயாரிப்பாக முதலில் வந்தது. அமெரிக்காவில் 2012 மாடல்களிலிருந்து எல்லாக் கார்களிலும் கட்டாயம், ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து விற்கும் புதுக் கார்களில். மற்ற இடங்களில் அந்த வருடத்துக்குப் பின் வந்த வண்டிகளிலும் குறைந்த விலை வகையில் இல்லாமல் இருக்கலாம். வேறு வண்டி சம்பந்தப்படாமல், தானாகவே ஓடிப்போய் மோதி உயிர்போகிற விபத்துகளை இது கிட்டத்தட்ட பாதியாகக் குறைக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. புதிதாக ஓட்டும் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அந்த மாதிரிதான். பழைய வண்டி பார்க்கும்போது சாவியைத் திருப்பிப் பாருங்கள், கார் வழுக்குவது போன்ற ஒரு சின்னப் படம் எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் ஒன்று அந்த வசதி இல்லை, அல்லது யாரோ எதையோ கழற்றியிருக்கிறார்கள்.

இவ்வளவு பார்த்த நான் பார்க்கத் தவறியது ஒன்று. டெஸ்ட் டிரைவ் நான் எடுத்தேன். மகள் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

என் உயரம் 178 சென்டிமீட்டர், அவள் 152. முன் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே சாய்ந்து இறங்குகிற தூண் இருக்கிறதே, கார்க்காரர்கள் ஏ பில்லர் என்பார்கள், அது எனக்கு உறுத்தவே இல்லை. அவள் முதல் வாரத்திலேயே சொன்னாள்: "அப்பா, இந்தப் பக்கம் ஒரு சுவர் இருக்கற மாதிரி இருக்கு." பழகிவிடும் என்றேன். நான் சொன்ன மிகத் தவறான பதில் அதுதான், ஏனென்றால் பழகிப்போனால் அந்தச் சுவர் இருப்பதே மறந்துவிடும், அங்கே ஒன்றும் இல்லை என்று மனம் நினைக்க ஆரம்பித்துவிடும்.

நான்கு மாதம் கழித்து ஒரு நாற்சந்தியில் நடந்தது. நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். வேகம் அதிகமில்லை, 30 இருக்கும். அவள் இருபுறமும் பார்த்தாள், நான் அவள் தலை திரும்புவதைப் பார்த்தேன். அவள் பக்கத்துச் சாலையில் இருந்து ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது, நான் கத்திய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. பிரேக் பிடித்து நின்றபோது சைக்கிளுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு கை நீளம்கூட இல்லை. ஓட்டி வந்த பையன் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். அவள் ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. பார்க்காமல் ஓட்டுகிறாயா என்று நான் அவளைத் திட்டினேன். அவள் பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் திட்டினேன்.

அடுத்த நாள் ஒரு காலி மைதானத்துக்கு அளவு நாடாவோடு போனோம். ரப்பர், பிளாஸ்டிக் மூடி எல்லாம் சேர்த்து அந்தத் தூண் 11 சென்டிமீட்டர். மனிதனின் இரண்டு கண்களுக்கும் நடுவே சராசரியாக 6.3 சென்டிமீட்டர்தான் இடைவெளி. தூண் அதைவிட மெல்லியதாக இருந்தால் ஒரு கண் விட்டதை மறு கண் பிடித்துவிடும். தடிமன் கூடினால் இரண்டு கண்ணுக்கும் சேர்ந்து மறைந்துபோகும், தூரம் போகப்போக அந்த மறைவு விரிந்துகொண்டே போகும். என் கண்ணிலிருந்து தூண் 70 சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. அவள் சீட்டை முன்னால் தள்ளி உட்காருவதால் அவளுக்கு 50 தான். 20 மீட்டர் தூரத்தில் மனைவி ஒரு சைக்கிளைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் சீட்டு நிலையில் சைக்கிளின் முன் சக்கரம் கொஞ்சம் தெரிந்தது. மகளின் நிலையில் சைக்கிளும் இல்லை, பிடித்திருந்தவளும் இல்லை. கணக்குப் போட்டால் எனக்கு ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக மறைகிறது, அவளுக்கு இரண்டு மீட்டரை நெருங்குகிறது. ஒரே கார், ஒரே தூண்.

இதில் இன்னும் மோசமானது வேகம் சம்பந்தப்பட்டது. கார் 30-லும் சைக்கிள் 15-லும் சந்தியை நோக்கிச் சீராக வந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் போய்ச் சேரப்போகிறது என்றால், காரில் இருப்பவருக்குச் சைக்கிள் தெரியும் கோணம் மாறவே மாறாது. ஏறக்குறைய 27 டிகிரி, கடைசிவரை அதே 27. தூண் நிற்கிற இடமும் கிட்டத்தட்ட அதுதான். அதாவது மோதாமல் போகப்போகிற சைக்கிள் தூணை விட்டு வெளியே வந்து கண்ணில் பட்டுவிடும், மோதப்போகிற சைக்கிள்தான் கடைசிவரை தூணுக்குப் பின்னாலேயே இருக்கும். இது புரிந்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன மாதம் கல் பட்டு முன் கண்ணாடி விரிசல் விட்டது, சர்வீஸ் சென்டரில் மாற்றக் கொடுத்தோம். அங்கே இருந்தவரிடம் இந்தத் தூணைப் பற்றிச் சொன்னேன். "ஐந்து நட்சத்திரம் வாங்கின வண்டி சார்" என்றார், மகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த நட்சத்திரங்கள் மோதினால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்று சோதித்துக் கொடுத்தவை. 152 சென்டிமீட்டர் உயரப் பெண்ணுக்கு அந்த சீட்டிலிருந்து சைக்கிள் தெரிகிறதா என்பதற்கு அதில் ஒரு மதிப்பெண்ணும் இல்லை.

ஆத்திரம் அடங்கிய பிறகு நியாயத்தையும் சொல்ல வேண்டும். தூண் தடித்ததற்குக் காரணம் இருக்கிறது. வண்டி கவிழ்ந்தால் கூரை நசுங்கக்கூடாது. அமெரிக்காவில் 2009-ல் விதியை மாற்றினார்கள், அதுவரை காரின் எடையைப்போல் ஒன்றரை மடங்கு தாங்கினால் போதும் என்றிருந்ததை மூன்று மடங்காக உயர்த்தினார்கள். பக்கவாட்டில் திரைபோல இறங்கும் ஏர்பேக்குக்கும் அங்கே இடம் வேண்டும். காற்றின் எதிர்ப்பைக் குறைப்பதற்காக முன் கண்ணாடியைச் சாய்க்கச் சாய்க்கத் தூணும் முன்னே நீண்டு பார்வைக்குள் வந்துவிட்டது. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சைடு மிரரைத் தூணின் அடியிலேயே ஒட்டவைத்ததற்கு என்ன காரணம்? கதவின் மேல் கொஞ்சம் தள்ளிப் பொருத்தியிருந்தால் நடுவே ஒரு சந்து கிடைத்திருக்கும், அதன் வழியாக ஒரு தலையாவது தெரிந்திருக்கும். அப்படிப் பொருத்திய வண்டிகள் எத்தனையோ இருக்கின்றன. இதில் தூணும் மிரரும் சேர்ந்து ஒரே சுவர்.

சீட்டைப் பின்னால் தள்ளலாமே என்று கேட்பார்கள். தள்ளினோம். ஸ்டீயரிங்கைத் தன் பக்கம் இழுக்க முடிகிற வண்டி என்பதால் கொஞ்சம் தள்ள முடிந்தது, சீட்டையும் உயர்த்தினோம், மிரரின் மேலாகப் பார்வை போனது. நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் வேண்டும், ஏர்பேக் வெடிக்கும் வேகம் அப்படி, அதற்காகவும் இதைச் செய்திருக்க வேண்டும். அதற்குமேல் தள்ளினால் அவள் கால் பிரேக்கை முழுதாக அழுத்தாது. ஆகவே மீதியை உடம்பால்தான் சரிக்கட்ட வேண்டும். சந்தி வந்தால் வேகத்தைக் குறைத்து, இடுப்பிலிருந்து முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம் சாய்ந்து தூணைச் சுற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு மாதம் நான் பக்கத்தில் உட்கார்ந்து "சாய், சாய்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்போது சொல்லாமலே செய்கிறாள்.

டயரைப் பற்றியும் நண்பர் கேட்டார். பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். எங்கள் வண்டியில் டயரின் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கிற மேடுபள்ளம், தேயாமல் நன்றாகத்தான் இருந்தது, வயதுதான் ஆகிவிட்டிருந்தது, வாங்கின வாரமே நான்கையும் மாற்றினோம். அப்புறம் முதல் ஆறு மாதம் நண்பர்களை ஏற்றக்கூடாது, இரவில் தனியாகக் கூடாது. இதில் அவளுக்கும் எனக்கும் சண்டை நடந்தது, நான் விட்டுக்கொடுக்கவில்லை. நியூசிலாந்து 1987-லேயே இதைச் சட்டமாக்கிவிட்டது, படிப்படியாகத் தருகிற லைசென்ஸ். நம் வீட்டுக்குச் சட்டம் போட நமக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

ஏன் விற்க மாட்டேன் என்கிறேன்? போன மழைக்காலத்தில் ஒரு வளைவு தாண்டியதும் சாலையில் பெரிய மரக்கிளை கிடந்தது. அவள் ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடித்தாள், பிறகு பயத்தில் எதிர்ப்பக்கம் அதைவிட அதிகமாக ஒடித்தாள், பின்பக்கம் பெயர்வதை என் முதுகில் உணர்ந்தேன். அந்தச் சின்னப் படம் படபடவென்று மின்னியது, ஏதோ ஒரு சக்கரம் கடகடவென்று பிடித்தது, வண்டி நேராக நின்றுவிட்டது. நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த இடத்தில் நான் ஓட்டியிருந்தாலும் வண்டியைக் காப்பாற்றியிருக்க மாட்டேன். அந்தக் காரை நான் எப்படி விற்பேன்?

ஆனாலும் நண்பரின் பையனுக்கு வேண்டாம். அவன் என் மகளைவிட இரண்டு விரல்தான் உயரம், "சாய்" என்று சொல்லப் பக்கத்தில் உட்கார அவருக்கு நேரமும் இல்லை. இதே இஎஸ்சி, இதே ஏர்பேக் உள்ள வேறு வண்டி தேடினால் கிடைக்கும், தூண் கொஞ்சம் மெலிந்தது, மிரர் கதவில் இருப்பது. அவர் கேட்கவில்லை. விலை நன்றாக இருக்கிறதாம், முன்பணம் கொடுக்கப் போகிறாராம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பையனைக் கூட்டிக்கொண்டு அந்த மைதானத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். எங்கள் காரில் டிரைவர் சீட்டில் பையன்தான் உட்காரப் போகிறான், அவர் பின்னால். நான் 20 மீட்டர் தள்ளி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.